பாலம் கேட்ட உறுப்பினர்

அந்த வசந்தகாலத்தில் எனக்குக் கிடைத்த வேலை, பழைய அமெரிக்கச் செய்தித்தாள்களைக் கணினி படித்து எழுதியதில் இருக்கும் பிழைகளைத் திருத்துவது. லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்துகொண்டே செய்யலாம். எல்லாம் ஒரே சிற்றூரின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்கள். அதனால் ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வந்தார். மாவு ஆலை வைத்திருந்தவர். ஆற்றுக்கு ஒரு பாலம் கொண்டுவருவேன் என்று சொல்லி மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்.

முதல் தடவை வென்றபோது ஊரே பந்தம் பிடித்து ஊர்வலம் போனது. அடுத்த தவணையிலும் வென்றார். பாலத்துக்கான மசோதா ஏதோ ஒரு குழுவுக்குப் போய் அங்கேயே கிடந்தது. பிறகு கட்சி மாறினார். பழைய நண்பர்கள் அவரைத் துரோகி என்று எழுதினார்கள். ஆலை கைமாறியது. கடைசியில் பாலம் கட்டினார்கள், பக்கத்து ஊரில். அடுத்த தேர்தலில் தோற்றார்.

என் கணவர் இங்கே கவுன்சிலராக ஒரு தவணை இருந்தவர். குப்பை, பார்க்கிங், ஈரம் ஊறிய சுவர் என்று ஆட்கள் சாப்பாட்டு நேரத்திலும் ஃபோன் எடுப்பார்கள். எங்கள் பலசரக்குக் கடையில் நிற்க ஆளில்லாமல் நான்தான் நின்றேன். போன தேர்தலில் அவர் தோற்ற பிறகு, கோயிலில்கூடச் சிலர் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. வீட்டில் அவரும் அதிகம் பேசுவதில்லை.

ஒரு பின்னேரம் தேநீரோடு எனக்கு முன்னால் வந்து இருந்தார்.

"கட்சிக்காரர் திரும்பவும் நிக்கச் சொல்லிக் கேக்கினம்" என்றார்.

அந்த ஆலைக்காரரின் கதையைச் சொன்னேன்.

"தோத்தாப் பிறகு என்ன செய்தவர்?"

"இன்னும் ரெண்டு தரம் நிண்டவர்."

"வெண்டவரோ?"

"இல்லை."

"மனுசி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவவைப் பற்றி ஒரு வரிதான் இருக்கு. செத்த செய்தி. அதிலயும் பேர் இல்லை, இன்னாரின்ர மனைவி எண்டுதான்."

கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, "நீர் என்ன சொல்லுறீர்?" என்றார். தேர்தல் விஷயத்தில் என்னிடம் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஏலாதப்பா" என்றேன். "களைச்சுப் போனன்."

"எனக்கும்தான்."

மறுநாள் காலை கடை திறக்க முன்பே கட்சி அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்து, வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார். அவர்கள் வற்புறுத்தவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் நொந்திருக்க வேண்டும். அன்று முழுக்க அரிசி மூட்டைகளை இடம் மாற்றி அடுக்கிக்கொண்டே இருந்தார்.