பிளக்கைப் பிடுங்குகிறவள்

எங்கள் தண்ணீர் நிலையத்தில் அவளுக்குப் பிளக் அக்கா என்று பெயர். வயதில் என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் ஊருக்கே அக்கா. நான் பம்ப் ஓட்டுகிறவன். தண்ணீரில் கலக்கிற குளோரின் அளவைக் கவனிக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. அதில் ஒரு எண்ணை மாற்றினாலும் கடைசியில் பிளக்கைச் சடாரென்று பிடுங்கி, மறுபடி மாட்டிப் பார்ப்பாள். அப்புறம்தான் மாற்றம் சரி என்கிற சான்றிதழில் கையெழுத்து.

"அது உனக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்க கரண்ட் சொல்லிக்கிட்டா போகுது? எழுதிக்கிட்டு இருக்கும்போது போச்சுன்னா டிஸ்க் குப்பைதான். அதான் எதுவும் எழுத முடியாதபடி பூட்டி வச்சிருக்கேன்ணே. பூட்டோட நீங்க எதை மாத்தினாலும் தற்காலிகமா மெமரியில நிக்கும், அணைச்சுப் போட்டா போயே போச்சு. பூட்டைத் திறந்து மாத்தி, திரும்பப் பூட்டணும். பதிஞ்சுதான்னு அணைச்சுப் பாத்தாதான் தெரியும்."

தண்ணீரில் குளோரின் நெடி, தொண்டை எரிகிறது என்று புகார்கள் குவிந்தன. எச்சரிக்கை மணி அடிக்கும் அளவைக் குறைக்கச் சொல்லித் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் அதிகாரி, சட்டை மடிப்புக் கலையாத மனிதர், தானே வந்து உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் எண்ணை மாற்றினார். சான்றிதழை அவள் முன்னால் தள்ளினார்.

"பூட்டைத் திறந்தீங்களா சார்?"

"ஸ்கிரீன்ல புது நம்பர் தெரியுதில்ல? கையெழுத்தைப் போடும்மா."

"அணைச்சுப் பாத்துட்டுப் போடுறேன்."

அந்த மாதம்தான் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பது இதே அதிகாரி. முதுகொடிந்து படுத்திருக்கும் புருஷன், வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான். ஓரமாகக் கூப்பிட்டு, "போட்டுத் தொலையேன், உனக்கென்ன வந்துச்சு?" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"எங்க வீட்டுக் குழாய்லயும் இந்தத் தண்ணிதான்ணே வருது. இது அணைஞ்சா நிக்காம இருக்க, குளோரினையும் பம்பையும் கையால ஓட்டுற மாதிரி மாத்துங்க."

மாற்றினேன். அதிகாரி எழுந்துவிட்டார். "பிடுங்கினேன்னா நாளையிலேருந்து இந்தப் பக்கமே வராத!"

அவரைப் பார்த்துக்கொண்டே பிடுங்கினாள்.

திரை இருண்டது. மாட்டியதும் மெதுவாக உயிர் வந்தது. பழைய எண் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை.

"நீ பிடுங்கினதாலதான் கெட்டுப்போச்சு. அப்படியே எழுதிக் குடு."

எழுதினாள். 'இயந்திரத்தில் கோளாறு இல்லை. பூட்டைத் திறக்காமல் மாற்றியதால் மாற்றம் பதியவில்லை.' கீழே கையெழுத்து, தேதி, மணி. பிறகு பூட்டைத் திறந்து, எண்ணை மாற்றி, பூட்டி, மறுபடியும் அணைத்துப் பார்த்தாள். புது எண் நின்றது. சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவளுக்குப் பதிலாகச் சான்றிதழில் கையெழுத்துப் போட ஆளும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மணி அடிக்கும் அளவை இன்னும் குறைக்கச் சொல்லி மறு உத்தரவு. அதிகாரி என் போனை வாங்கி அவளைக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில்.

"பூட்டோட பாஸ்வேர்டை ஒளிச்சு வச்சுக்கிட்டு விளையாடுறியா?"

"பேனல் கதவைத் திறந்து பாருங்க சார். உள்பக்கம் ஒட்டியிருக்கேன். பாஸ்வேர்டு, எப்படித் திறக்கணும், எப்படிப் பூட்டணும், எல்லாம் இருக்கு. மூணு வருஷமா அங்கதான் இருக்கு."

திறந்தார். கொட்டை எழுத்தில், ஒரு குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி எழுதியிருந்தாள். அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். குரல் இறங்கிவிட்டது.

"சரிம்மா, நான் மாத்திக்கிறேன். வந்து சான்றிதழ்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிடு."

"பாஸ்வேர்டு சும்மா குடுத்தேன் சார். கையெழுத்து வேணும்னா என்னை வேலைக்கு எடுத்துட்டுக் கேளுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.