அளவுக்கு மேல் ஏறின ஆயில்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படிப்பு. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் நின்றுவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெருக்குகிற வேலை எனக்கு. என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். வேலை பார்த்த மில் மூடின பிறகு எங்கெங்கேயோ அலைந்து, கடைசியில் அவருக்கு அமைந்தது வண்டி ஓட்டுகிற வேலை. நடக்க முடியாத நோயாளிகளை வெளி கேட்டிலிருந்து உள்ளே இருக்கிற கட்டடம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிற சின்ன வண்டி. கதவு இல்லை, மேலே கூரை மட்டும். எங்கேயோ கோல்ஃப் விளையாடுகிற மைதானத்தில் ஓடின பழைய பெட்ரோல் வண்டியாம். காக்கிச் சட்டையோடு அதில் உட்காரும்போது அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி தினமும் கேட்பார். "இன்னா பெரியவரே, பிளேன் எத்தினி மணிக்கு?"

"உன்ன மாதிரி ஆள ஏத்துனா மேல தூக்காதுப்பா" என்பார் இவர்.

அந்தச் சமயத்தில் ஒரு பேச்சு அடிபட்டது. பேட்டரி வண்டி வாங்கப்போகிறார்கள், அதற்குச் சின்ன வயசு ஆளாகப் போடப்போகிறார்கள் என்று. சூப்பர்வைசரே ஒருமுறை சொன்னார். "பெரியவரே, இந்த வண்டி ஓடற வரைக்கும் நீங்க. இது மக்கர் பண்ணுச்சின்னா நிர்வாகம் யோசிக்காது." அன்றிலிருந்து அவருக்கு அந்த வண்டி ஒரு நாள்கூடப் படுக்கக் கூடாது.

காலையில் முதல் வேலையாக ஆயில் பார்ப்பார். எஞ்சினிலிருந்து ஒரு கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுப்பார். கம்பியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் நடுவில் நிற்க வேண்டும். வண்டி நிற்கிற செட்டைப் பெருக்குகிறவள் நான்தான், அதனால் துடைக்கிற துணி என் கையில் இருக்கும்.

ஒரு நாள் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. இவர் ஊற்றவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னும் ஏறியிருந்தது. துணியை மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் நெடி. அவருக்கு அது தெரியாது. கொரோனா வந்துபோனதிலிருந்து அவருக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை, குழம்பு தீய்ந்தால்கூட நான்தான் சொல்ல வேண்டும்.

"என்னங்க, பெட்ரோல் நாத்தம் அடிக்குதுங்க."

"பெட்ரோல் வண்டியில மல்லிப்பூவா மணக்கும்?"

"இல்லங்க, ஆயில்ல அடிக்குது. சூப்பர்வைசர் கிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாமா?"

"சொல்லு. சொல்லிட்டு வா, ரெண்டு பேரும் வூட்டுக்குப் போயி உக்காந்துக்கலாம்."

கம்பியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார், ஆயில் மேலேதான் நின்றது. அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொன்னது நான்தான், அவர் இல்லை. "ஏறினா இன்னாங்க, ஏறினத வடிச்சு வுட்டுட்டா போச்சு."

குழம்பில் எண்ணெய் மிதந்தால் கரண்டியால் எடுத்துவிடுவோம் இல்லையா, அந்த நினைப்பில் சொன்னேன். அவர் எஞ்சினுக்கு அடியில் இருக்கிற போல்ட்டைத் தளர்த்தினார், நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்தேன். ஒரு டம்ளர் அளவு வந்தது. கம்பியில் பார்த்தால் ஆயில் சரியாக நடுவில் நின்றது. அன்றைக்கு சூப்பர்வைசர் வந்து கம்பியைப் பார்த்துவிட்டு, "கரெக்டா வச்சிருக்கீங்க" என்று சொல்லிப்போனார். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை வடித்தோம். எத்தனை முறை என்று நினைவில்லை. ஏழோ எட்டோ இருக்கும்.

வடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீடு மூலக்குளத்தில், வாசக்கால் எல்லாம் கரையான். பழைய ஆயில் பூசினால் கரையான் வராது என்று எல்லாரும் செய்கிறதுதான். முதல் முறை பூசினது கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. கடைசியாகக் கொண்டுபோனதைக் காலையில் பூசினேன், சாயங்காலம் மரம் வெறுமனே உலர்ந்து கிடந்தது. தண்ணீர் தெளித்த மாதிரி ஆவியாகிப் போய்விட்டது. விரலில் தேய்த்தேன், வழவழப்பே இல்லை. எஞ்சினுக்குள் ஓடுகிறதும் இதுதானே என்று தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் சூப்பர்வைசர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே இரண்டு டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். துடைப்பத்தோடு திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ, நல்ல வெயிலில், டயாலிசிஸ் செய்கிற ஒரு பெரியவரையும் அவர் மகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி நடுவழியில் கரகரவென்று கத்திப் புகை விட்டு நின்றது. எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது, அப்புறம் சுற்றவே இல்லை. அந்தப் பெரியவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிப் போனார்கள். அவர் மகள் திரும்பித் திரும்பி என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே போனாள்.

மெக்கானிக் வந்தார். பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகிற சின்ன ரப்பர் குழாயைக் கழற்றினார். அதிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

"இதுல காத்துதான் வரணும். எஞ்சின் வுடற மூச்சுக் காத்துலதான் பம்பு அடிக்கும். பம்புக்குள்ள இருக்கிற ரப்பர் கிழிஞ்சி, பெட்ரோல் இது வழியா ஆயில்ல எறங்கியிருக்கு" என்றார். "மொத நாளே சொல்லியிருந்தா பம்ப மாத்தி, புது ஆயில் ஊத்தி, ஒரு மணி நேரத்துல ஓட்டினு போயிருக்கலாம்."

சூப்பர்வைசர் கேட்டார். "தெனம் ஆயில் பாத்தீங்களா, இல்லியா?"

"பாத்தேன் சார். சரியாத்தான் இருந்துச்சி."

"சரியா இருக்க வழியே இல்ல" என்றார் மெக்கானிக். "மேல ஏறித்தான் இருக்கும். இவரு கம்பிய உருவியே பாத்திருக்க மாட்டாரு."

நான் பத்தடி தள்ளி நின்றேன். என் வீட்டுக்காரர் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வடித்தோம் என்று சொல்லியிருந்தால் யார் டப்பா பிடித்தது என்று கேட்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் சார், பாக்கல" என்று சொல்லிவிட்டார். தினமும் தவறாமல் பார்த்த மனுஷன். அன்றைக்கே வேலை இல்லை என்று காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள்.

நான் இன்னும் அங்கேதான் பெருக்குகிறேன். செட்டில் இப்போது பேட்டரி வண்டி நிற்கிறது, சத்தமே இல்லாமல் போய் வருகிறது. அவர் வீட்டில் இருக்கிறார். நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்வார். அந்த வண்டியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வடிக்கச் சொன்னது நீதானே என்றும் கேட்கவில்லை. கேட்டால்கூட எனக்குக் கொஞ்சம் மனசு ஆறும்.

எஞ்சின் வேலை தெரிந்த யாராவது இதைப் படித்தால், நான் எழுதினது சரியா என்று பாருங்கள். அந்தக் குழாய் வழியாகத்தான் பெட்ரோல் இறங்குமா, மெக்கானிக் சொன்னதை நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேனா என்று பாருங்கள். முக்கியமாக இன்னொன்று. வடிக்காமல் அப்படியே விட்டிருந்தாலும் அந்த எஞ்சின் போயிருக்குமா, இல்லை நாங்கள் வடித்து வடித்துத்தான் அதைக் கொன்றோமா? எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.