இகுயோவும் போட்டோ வெளிச்சமும்

ஹிரோஷிமாவில் இகுயோவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. மின்னல் வெட்டினால் போதும், இருந்த இடத்தில் குப்புற விழுவாள். கட்டைவிரல்கள் காதுக்குள், மற்ற விரல்கள் கண்மேல். சண்டைக் காலத்தில் எல்லாருக்கும் பழக்கிவிட்ட பாடம் அது. அப்போது அவள் டிராமில் டிக்கெட் கொடுக்கும் சின்னப் பெண். அந்த ஆகஸ்ட் காலையில் பெரிய வெளிச்சம் வந்ததும் அப்படித்தான் விழுந்தாள். ஊரில் அந்த அணுகுண்டு வெளிச்சத்தைப் ‘பிக்கா’ என்பார்கள்; சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் அவள் உடம்பு அதை மறக்க மறுத்தது.

யாராவது கேட்டால் மட்டும், “நானா? அப்போ மலைப்பக்கம் அத்தை வீட்ல இருந்தேன்” என்பாள்.

பச்சைப் பொய்தான். வேறென்ன செய்வாள்? தாய் பிக்காவில் பட்டவள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள். பிறக்கிற குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். மகள் சனாயேவுக்கு வந்த முதல் வரன் அப்படித்தான் தட்டிப்போனது.

இப்போது ஒக்காயாமாவிலிருந்து வரன். விசாரிக்க வந்த ஆளிடம் மீன்கடைக்காரி ஹருயோ, “அவளா? அவ பேச்சக் கேட்டாலே தெரியுமே, அசல் மலைக்காரி!” என்று கூசாமல் அளந்துவிட்டாள். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தியம்மாள் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாள்: “ஞாயித்துக்கெழம ரெண்டு குடும்பமும் ஸ்டூடியோவுல ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

அன்றிலிருந்து, பளிச்சென்று வெட்டப்போகும் போட்டோ விளக்கை நினைத்து இகுயோவுக்குச் சோறு இறங்கவில்லை.

“காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கயேன்” என்றார் புருஷன் தொகுஜி.

“பெத்தவ இல்லாம போட்டோவா? அதுக்கே ஆயிரம் கேள்வி வரும்.”

எனவே ஒத்திகை நடந்தது. அவளை இருட்டறையில் நிற்கவைத்து, தொகுஜி திடீர் திடீரென்று டார்ச்சை முகத்தில் அடிப்பார். முதலில் விழுந்தாள். பிறகு உப்பில் ஊறிய பிளம் பழத்தைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, விழாமல் நின்றாள்.

“அடேயப்பா, கோயில் வாசல் கல் நரி கூட இப்படி நிக்காது!” என்றார் தொகுஜி.

“சிரிக்காதீங்க. டார்ச்ச இன்னொரு தடவ அடிங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். சனாயே பட்டுக் கிமோனோவில் அம்மாவின் தோளை ஒட்டி நின்றாள். இகுயோ பழத்தைக் கடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் கையைத் தூக்கினார்.

வெளிச்சம்.

இகுயோ தனக்காக விழவில்லை. விழாமல் நிற்கப் பழகியிருந்தாள். பக்கத்தில் மகள் நிற்பாள் என்பதை மட்டும் ஒத்திகையில் யாரும் யோசிக்கவில்லை. சனாயேவின் கழுத்தைப் பிடித்துத் தரையில் அமுக்கி, அவள் காதையும் கண்ணையும் தன் கைகளால் பொத்தி, மேலே கவிழ்ந்து கிடந்தாள். மகளின் கொண்டைச் சீப்பு எங்கோ தெறித்து விழுந்தது.

சம்பந்தியம்மாள் மெதுவாக வந்து குனிந்தாள்.

“சம்பந்தியம்மா, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

மலைப்பக்கத்து அத்தை வீடு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கைகளுக்குள் மகளின் முகம் சூடாக இருந்தது.

“டிராம்ல” என்றாள் இகுயோ. “டிக்கெட் குடுத்துட்டிருந்தேன்.”

சம்பந்தியம்மாள் நிமிர்ந்தாள். பிறகு போட்டோக்காரரிடம், “அந்த விளக்க வெளிய கொண்டு போங்க” என்றாள். இகுயோவிடம், “கல்யாணத்தப் பத்தி வீட்ல பேசித்தான் சொல்லணும். மறைக்கமாட்டேன், எனக்கும் பயமாத்தான் இருக்கு. இப்ப எந்திரிங்க, பொண்ணுக்கு மூச்சு முட்டப் போகுது” என்றாள்.

“அம்மா, முடிஞ்சுது. எந்திரிம்மா” என்றாள் சனாயே அடியிலிருந்து.

இகுயோ எழுந்திருக்கவில்லை. மகளின் காதுகளை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

“கொஞ்சம் பொறுடி” என்றாள். “சத்தம் இன்னும் வரல.”