ஸ்பிரிட் போட்டுத் துடைத்த இசைத்தட்டு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அரியலூரில் ஒரு ஸ்டுடியோவில் பழைய ஒலிப்பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வரதராசன்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஒரே ஒரு கிராமபோன் தட்டைச் சேலைத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வெளிநாட்டார் இருவர் வாசித்த வயலினும் பியானோவும். வீட்டில் இருந்த பாட்டுப்பெட்டி கெட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதாம்.

“ஈரத்துணியால லேசா ஒத்தி எடும்மா, போதும்.”

“நான் பாத்துக்கறேன் டீச்சர். படிச்சுட்டுத்தான வந்திருக்கேன்.”

“படிச்ச புள்ளைங்ககிட்டதான் எனக்குப் பயமே” என்று சிரித்துவிட்டுப் போனார்.

கல்லூரி லேபில் எதையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தே பழக்கம். அப்படியே துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட்டில் கரையும் என்பது எனக்குத் தெரியாது. காய்ந்ததும் தட்டு முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. ஊசியை வைத்தால் ஒரே இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ வயலின், மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ அழுவதுபோல.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்டின் நடுவில் இருந்த பெயர்களை இன்டர்நெட்டில் தேடி, அதே பதிவைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். பியானோ தனியாக வரும் இடத்தில் ஒரு விரலைத் தூக்கினார். பியானோ தடையில்லாமல் ஓடி முடிந்தது. விரல் இறங்கவில்லை.

“டக்குடக்குன்னு ஒரு சத்தம் வரணுமே?”

“கீறலா டீச்சர்?”

“எம்பொண்ணு கட்டில்லேர்ந்து குதிச்சா, ஊசி எகிறிடுச்சு. ஆறு வயசு அப்ப. அடிச்சுட்டேன்.”

சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. படத்தில் அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

பையிலிருந்து தட்டை எடுத்துக் கொடுத்து, செய்ததையெல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கட்டைவிரலால் தட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

ஸ்டுடியோவில் தட்டைச் சுழலவிட்டேன். இரைச்சல், இரைச்சல். பாதியில் அவர் விரல் எழுந்தது.

“இந்தா. கேட்டுச்சா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இல்லைங்க டீச்சர். எனக்குக் கேக்கல.”

அவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“திரும்பப் போடு” என்றார்.