தேயிலை டின்னுக்குள் நாலு பாஸ்போர்ட்

இலங்கையில் பதுளை பஜாரில் கடை வைத்திருக்கும் நாங்கள் தேயிலை இல்லாமல் எந்த ஊருக்கும் போக மாட்டோம். உதவி செய்தவர் கையில் ஒரு டின்னாவது கொடுத்தால்தான் என் கணவருக்கு மனசு நிறையும். பிள்ளைகளோடு மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் பார்க்க இந்தியா போனபோதும் ஆறு டின் கொண்டுபோனோம்.

தஞ்சாவூருக்குக் கிளம்பிய காலை நான் பெரிய புத்திசாலியாக ஒரு வேலை செய்தேன். கூட்டத்தில் கைப்பை பறிபோய்விடுமோ என்று பயந்து, மிச்சமிருந்த ஒரே டின்னில் பாதித் தூளைக் கொட்டிவிட்டு, நாலு பாஸ்போர்ட்டையும் பொலித்தீனில் சுற்றி உள்ளே புதைத்தேன். டின்னைச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு மாலையில் அதே வாடகைக் காரில் திருச்சி லாட்ஜுக்குத் திரும்பினோம். மறுநாள் காலை விமானம். பையில் டின்னைக் காணோம்.

"என்னங்க, தேயிலை டின் எங்க?"

"டிரைவர் தம்பிக்குக் குடுத்துட்டேன். பாவம், புள்ளைகள எவ்வளவு பத்திரமா கூட்டிட்டு வந்தாரு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. டிரைவரின் போன் ஓஃப் ஆகியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் டிரைவரே வந்து கதவைத் தட்டினார். "அக்கா, வீட்டுல டீ போடலாம்னு தொறந்தா, உள்ள பாஸ்போர்ட் இருக்கு!"

என் கணவர் பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு, டின்னை மறுபடியும் டிரைவர் கையிலேயே கொடுத்தார்.

இப்போது நான் எதை எங்கே ஒளித்தாலும் முதலில் அவரிடம் சொல்லிவிடுகிறேன். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.