பிரிக்காத சீட்டு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கலியபெருமாளின் மனைவி அஞ்சலாட்சி பேசினார். "அண்ணே, அவரு பூட்டாருண்ணே." நான் கேட்ட முதல் கேள்வி, "யாரு சொன்னது?" என்பதுதான். இருபது ஆண்டுகள் கலியபெருமாளோடு ஒரே தத்துவத் துறையில் தர்க்கம் நடத்தியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. எதைச் சொன்னாலும் சாட்சி கேட்பது. "டாக்டரு வந்து பாத்துட்டாருண்ணே" என்று பாவம், அழுகைக்கு நடுவிலும் சாட்சி சொன்னார். அந்தக் கேள்விக்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கலியபெருமாளிடம் முதலாண்டுத் தத்துவம் படித்த உங்களுக்கு அந்தப் பெப்பர்மின்ட் டப்பா நினைவிருக்கும். கடவுள் உண்டா என்ற பாடம் வரும்போது நாங்கள் இருவரும் சேர்ந்து வகுப்புக்கு வருவோம். டப்பாவில் இரண்டு சீட்டுகள் இருக்கும். "மொதல்ல நீ எடு லூர்து" என்று நீட்டுவார். நான் எடுத்துப் படிப்பேன்: இல்லை. உடனே டப்பாவை மூடிவிடுவார். ஒன்று 'இல்லை' என்றால் மற்றது 'உண்டு'தானே, அதை எதற்குப் பிரித்துப் பார்க்க வேண்டும்? ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் நான் கடவுள் இல்லை என்று வாதாட, எந்தக் கோயில் வாசலிலும் நான் பார்த்திராத அவர் உண்டு என்று வாதாடுவார்.

முதல் ஆண்டு அவர் சொன்னது இது. "எங்கப்பா மில்லுல தறி ஓட்டுனாரு. துணியப் பாத்தா நெய்யிறவன் ஒருத்தன் இருக்கான்னு தெரியுதில்ல? ஒலகத்தப் பாத்தா மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?" நான் எழுந்தேன். "மில்லுல ஒருத்தரா நெய்தாங்க? நூறு பேரு. மில்ல மூடி எத்தினியோ வருஷம் ஆச்சு, துணி இன்னும் கிழியாம இருக்கு. நெய்தவன் இன்னிக்கும் உசுரோட இருக்கான்னு அந்தத் துணி சொல்லுமா?" வகுப்பு கைதட்டியது. முதலில் தட்டியவர் அவர்தான். அடுத்த ஞாயிறு முழங்காலிட்டபோது எனக்கு ஜெபம் வரவில்லை, அந்தத் துணிதான் வந்தது. அவரிடம் புலம்பினேன். "விடை புடிச்சிருக்குன்னு கணக்க சரின்னு சொல்லக் கூடாது லூர்து" என்றார்.

ஒன்பதாவது ஆண்டும் எனக்கு 'இல்லை'யே வந்தபோது, இதென்ன அநியாயம் என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கிற. போன வருஷம் என்ன வந்துச்சுன்னு சீட்டுக்குத் தெரியுமா?" என்றார். முன்பு வந்தது அடுத்து வருவதைத் தீர்மானிக்காது என்று அந்த வாரம் நானும் வகுப்பில் நடத்தியிருந்தேன் என்பதால் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒருமுறை என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். நெல்லித்தோப்பு டீக்கடையில் அவரிடம், "வேண்டிக்கிட்டேன், பொழச்சிட்டா. இப்ப என்ன சொல்ற?" என்றேன். "பொழைக்காம போயிருந்தா கடவுள் இல்லன்னு சொல்லிருப்பியா?" "மாட்டேன்." "அப்ப இது சாட்சி இல்ல." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா நன்றி சொல்றதுக்கு சாட்சி எதுக்குப்பா? போயி சொல்லு" என்றார். இரண்டு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அஞ்சலாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். அஞ்சலாட்சியின் அண்ணன் சடங்கு எல்லாம் முறையாக நடக்க வேண்டும் என்கிறார். மகள் தமிழரசி, நம்பிக்கை இல்லாத மனிதருக்குச் சடங்கு செய்வது அவரை அவமதிப்பது என்கிறாள். மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். "நீங்கதான் அவருகூடவே இருந்தீங்க. நீங்க சொல்றதத்தான் செய்யப்போறோம். அவருக்கு சாமி உண்டா, இல்லையா?" என்று கேட்டார் அஞ்சலாட்சி.

எனக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் அதை மட்டுமே பேசியிருக்கிறோம். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஏதாவது எழுதி வைத்திருப்பாரோ என்று தமிழரசி அவருடைய கல்லூரிப் பையைக் கொண்டுவந்து கொட்டினாள். டப்பா விழுந்தது. நான் திறந்தேன். ஒரு சீட்டில் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டாவது சீட்டைப் பிரித்தேன். அதிலும் இல்லை.

"பாருங்க மாமா, ரெண்டுலயும் இல்லன்னுதான் எழுதி வச்சிருக்காரு" என்றாள் தமிழரசி. அண்ணன் விடவில்லை. "ஏம்மா, இல்லங்கறத இவரு தலையில கட்டிட்டு, தான் வருஷா வருஷம் உண்டுன்னு பேசணும்னுதான உங்கப்பன் இந்த வேல பண்ணிருக்கான்?" ஒரே டப்பா, இரண்டு தீர்ப்பு. இரண்டும் சரியாகத்தான் இருந்தன. என் நம்பிக்கையைச் சோதிக்கத்தான் செய்தாரோ என்று மூன்றாவதாக ஒன்று எனக்குத் தோன்றியது. அதுவும் சரியாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஏமாந்தவன் நான். கேட்கலாம் என்றால், ஏமாற்றியவர் கூடத்தில் மாலையோடு படுத்திருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். என்னிடம் இருந்தது அந்த டீக்கடைப் பேச்சு ஒன்றுதான். அதைச் சொன்னேன். அஞ்சலாட்சி கணவரின் தலைமாட்டுக்குப் போய் மாலையைச் சரிசெய்தார். "அப்ப அவருக்கு என்னன்னு பாக்க வேணாம். முப்பது வருஷம் கூட இருந்தவரு. நான் நன்றி சொல்லணும். எனக்குத் தெரிஞ்ச மொற இதுதான்" என்றார். எடுக்கும் நேரத்தில் தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவள் தமிழரசிதான்.

டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் இருக்கும் கலியபெருமாள் அவ்வளவுதான்: ஒரு டப்பா, அவர் கையெழுத்தில் இரண்டு சீட்டுகள், விடை பிடித்திருந்தாலும் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் புத்தி. ஞாயிறு பூசைக்கு இப்போதும் போகிறேன். ஏன் என்று கேட்டால் முன்பு போலச் சட்டென்று பதில் வருவதில்லை.

வரும் வாரம் அந்தப் பாடம். அவர் இடத்துக்கு வந்திருக்கும் ஆசிரியை என்னோடு வகுப்புக்கு வருகிறார். டப்பாவை நீட்டி, "மொதல்ல நீங்க எடுங்க" என்று இந்த முறை நான் சொல்ல வேண்டும். புதிதாக இரண்டு சீட்டுகள் கிழித்து மேசைமேல் வைத்து மூன்று நாளாகிறது. இரண்டிலும் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.