குடலிறக்கம் என்று சொல்லிவைத்தேன்

ஆடி பிறந்த மறுநாள், சென்னையில் ஆணுறுப்பைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். வேண்டாம் என்று தடுத்த மனைவியைத் தவிர எல்லாருக்கும் அது குடலிறக்க ஆபரேஷன். ஆவணிக்குள், உள்ளே செலுத்திய கொழுப்பு கட்டிகட்டியாகத் திரண்டு, உறுப்பு ஒரு பக்கம் வளைந்துவிட்டது. முன்பிருந்தது இயல்பான அளவுதான், அதை இனி முழுதாக மீட்க முடியாது என்றார் உள்ளூர் மருத்துவர்.

அந்த ஞாயிறு, திரேஸ்புரத்தில் படகு வைத்திருக்கும் மைத்துனன் பால்சுறாவோடு வந்தான். அறுத்த உடம்புக்குச் சுறாப்புட்டு நல்லது என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

"அத்தான், வலை இழுத்து இழுத்து எனக்கும் குடல் இறங்கிட்டு. ஒங்க டாக்டர்ட்டயே போறேன்."

"அங்கன வேண்டாம்டே."

"ஏன், கைராசி இல்லையோ? நீங்க நடக்கதப் பாத்தா முட்டையிடப் போற கோழி மாதிரில்லா இருக்கு!" சிரித்துக்கொண்டே போனை எடுத்தான். "பேரச் சொல்லுங்க."

அடுப்படியில் சுறாவை உதிர்த்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"அவரு குடலிறக்கம் பாக்க மாட்டாரு" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன்.

கேலி செய்வான் என்று காத்திருந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, அத்தானுக்குப் புட்டு கூட வையி" என்றான்.